வெளிநாட்டில் வேலை, ஊரில் ஓட்டு: படிவம் 6ஏ முதல் வாக்குச்சாவடி வரை முழுமையான வழிகாட்டி

ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தில் இருப்பவர்களுக்கும் அவர்கள் அனுப்பி வைப்பவர்களுக்கும் வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஊரில் வாக்காளராகப் பதிவதற்கான படிவம் 6ஏ-வைச் சில ஆண்டுகளாக நிரப்பிக் கொடுத்து வருகிறேன். தடுமாறுகிற இடங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். படிவத்தைத் திறந்துவிட்டு, அதற்கான காகிதங்களைத் தேடத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து. இங்கே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் போனால் பாதிச் சிக்கல் வராது.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாக்காளராகப் பதிவதை வெளிநாட்டில் இருந்தபடியே முடிக்கலாம். ஓட்டை ஊருக்கு வந்துதான் போட முடியும். நமக்குத் தபால் வாக்கு கிடையாது, இணைய வாக்கு கிடையாது, தூதரகத்தில் வாக்குச்சாவடியும் கிடையாது. நமக்குப் பதிலாக இன்னொருவர் ஓட்டுப் போட வழிசெய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல், 2019-இல் மக்களவை கலைந்தபோது அது காலாவதியாகிவிட்டது. “எம்பசியில் போய்ப் போட்டுக்கலாமாம்” என்று யாராவது அனுப்பும் செய்தியை நம்பி டிக்கெட் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

1. உங்களுக்கு 6ஏ தேவைதானா?

இந்தியக் குடியுரிமை இன்னும் உங்களிடம் இருக்க வேண்டும். அதுதான் அடிப்படை. கிரீன் கார்டு வைத்திருப்பவரும், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ நிரந்தரவாசம் பெற்றவரும் இந்தியக் குடிமக்கள்தான். அவர்கள் பதியலாம். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தவர் பதிய முடியாது. ஓசிஐ (வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வாக்குரிமை தராது. அது வந்துபோகவும் தங்கவும் உதவுகிற அட்டை. இதில் ஏமாற்றம் அடைந்தவர்கள் பலர். அட்டையின் பெயரில் ‘குடிமகன்’ என்ற சொல் இருப்பதால் வருகிற குழப்பம் இது.

வேலை, படிப்பு அல்லது வேறு காரணத்துக்காக ஊரை விட்டு வெளிநாட்டில் வாழ்பவருக்குத்தான் 6ஏ. மூன்று மாத புராஜெக்டுக்காக ஜெர்மனி போயிருப்பவருக்கு இது வேண்டியதில்லை. தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் ஒருவர் தன் ஊரின் ‘வழக்கமான குடியிருப்பாளர்’ என்ற நிலையை இழப்பதில்லை என்று சட்டமே சொல்கிறது. அவர் பெயர் சாதாரணப் பட்டியலிலேயே இருக்கலாம்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் படிக்கப் போன பிள்ளைகள் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம்.

இந்திய அரசுப் பணியில் வெளிநாட்டில் நியமிக்கப்பட்டவர்கள் ‘சேவை வாக்காளர்’ என்ற தனி வகை. அவர்களுக்குத் தபால் வாக்கு உண்டு. அவர்களைப் பார்த்து நமக்கும் உண்டு என்று எண்ண வேண்டாம்.

2. தேர்தல் அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள்

2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தது மார்ச் 16. தமிழ்நாட்டில் வேட்புமனு தாக்கல் முடிந்தது மார்ச் 27. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. மனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் புதிதாக ஒரு பெயரையும் சேர்க்க முடியாது. ஆக, அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தபிறகு தொடங்கியவருக்கு இருந்தது 11 நாள். அதற்குள் விண்ணப்பம் போய், ஆட்சேபத்துக்கு 7 நாள் விட்டு, வீட்டுக்கு அலுவலர் வந்து பார்த்து, உத்தரவு ஆக வேண்டும். நடக்காது.

அந்த மார்ச் மாதம் எங்கள் கட்டடத்தில் ஏழெட்டுப் பேர் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றார்கள். ஒருவருக்குக்கூட அந்தத் தேர்தலுக்குள் பெயர் ஏறவில்லை. தேர்தல் பேச்சே இல்லாத மாதத்தில் பதிந்துவிடுங்கள். அலுவலகத்திலும் அப்போதுதான் நெரிசல் இருக்காது, பிழையைத் திருத்த இன்னொரு முறை முயலவும் நேரம் இருக்கும்.

3. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து முகவரியைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். உங்கள் தொகுதி எது என்பதைத் தீர்மானிப்பது பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் இந்திய முகவரி. பிறந்த ஊரோ, இப்போது பெற்றோர் இருக்கும் ஊரோ, ஆதாரில் இருக்கும் முகவரியோ கணக்கில் வராது.

இதில் மூன்று விதமான நிலைமைகளைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்போர்ட் முகவரியும் சொந்த வீடும் ஒன்றாக இருக்கிறது, வீட்டில் அம்மாவோ அண்ணனோ இருக்கிறார்கள். கவலையே இல்லை, அடுத்த படிக்குப் போகலாம்.

பாஸ்போர்ட் எடுத்தபோது தாம்பரத்தில் வாடகை வீடு, இப்போது குடும்பம் திருச்சியில். இவருக்குத் தொகுதி தாம்பரம்தான். சரிபார்க்க வருகிற அலுவலர் தாம்பரம் வீட்டுக் கதவைத் தட்டுவார். அங்கே இருக்கும் புதிய வாடகைதாரருக்கு உங்களைத் தெரியாது. அந்த முகவரியில் உறுதி சொல்ல உறவினர் இல்லையென்றால், உங்கள் ஆவணங்கள் நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்துக்குச் சரிபார்ப்புக்குப் போகும். பதிவு நடக்கும், ஆனால் நாளாகும். திருச்சியில்தான் ஓட்டு வேண்டும் என்றால் முதலில் பாஸ்போர்ட்டில் முகவரியை மாற்றியாக வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட்டையே மறுவழங்கல் கேட்க வேண்டும். பழைய புத்தகத்தில் திருத்தித் தர மாட்டார்கள்.

மூன்றாவது, தூதரகம் வழியாகப் புதுப்பித்தபோது வெளிநாட்டு முகவரியே அச்சாகிவிட்டது. பத்தாண்டுகளாக அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. இந்திய முகவரி இல்லாத பாஸ்போர்ட்டை வைத்து 6ஏ அனுப்பினால் எந்தத் தொகுதி என்று சொல்லவே வழியில்லை. இங்கேயும் மறுவழங்கல்தான் முதல் வேலை. அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஊர் முகவரியைக் கொடுக்க மறக்காதீர்கள்.

4. பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருக்கிறதா?

வெளிநாடு போகும் முன் ஊரில் ஓட்டுப் போட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் இன்னும் சாதாரணப் பட்டியலில் இருக்கலாம், நீக்கப்பட்டும் இருக்கலாம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இடம்பெயர்ந்தவர், கண்டறிய முடியாதவர் என்று பல பெயர்கள் எடுக்கப்பட்டன. அதனால் பழைய நினைவை நம்பாமல் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

தேடும்போது பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். நம் ஆட்களுக்குப் பட்டியலில் முன்னெழுத்தோடு ‘ச. முருகேசன்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே ஆள் ‘முருகேசன் சண்முகம்’. வாக்காளர் அட்டை எண் இருந்தால் அதை வைத்துத் தேடுவது நல்லது.

பெயர் இருந்தால் அதை மறைத்துவிட்டு 6ஏ கொடுக்கக் கூடாது. ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கச் சட்டம் இடம் தரவில்லை. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய பதிவைப் படிவத்திலேயே குறிப்பிட்டு, பழைய அடையாள அட்டையை ஒப்படைத்துவிடுங்கள். அட்டை போய்விடுமே என்று பலர் தயங்குகிறார்கள். ஓட்டுப் போட நமக்கு அது தேவையே இல்லை. ஏன் என்று 9-ஆம் படியில் சொல்கிறேன்.

5. காகிதங்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

அண்மையில் எடுத்த வண்ணப் புகைப்படம் ஒன்று. பாஸ்போர்ட்டில் உங்கள் படம், விவரங்கள், இந்திய முகவரி இருக்கும் பக்கங்களின் நகல். செல்லுபடியாகும் விசா இருக்கும் பக்கத்தின் நகல். ஒவ்வொரு நகலிலும் உங்கள் கையெழுத்து. தேவை இவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். கையெழுத்து இல்லாத நகலை ஏற்றிவிட்டு, ‘மூலப் படியே தெளிவாகத்தானே இருக்கிறது’ என்று கேட்பவர்கள் உண்டு. நகல் உண்மையானது என்று பொறுப்பேற்பது அந்தக் கையெழுத்துதான். அது இல்லாமல் அலுவலர் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

விசா பக்கம்தான் இப்போது புதுச் சிக்கல். அமீரகத்தில் 2022-இலிருந்து பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதில்லை. காலியான பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பியவரையும் பார்த்தேன். அப்படிப்பட்ட நாடுகளில் இருப்பவர்கள் விசாவின் அச்சுப்படியையும் வதிவிட அட்டையின் இருபக்க நகலையும் கையெழுத்திட்டு வையுங்கள். நாங்கள் அப்படித்தான் அனுப்புகிறோம். விசா முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் புதுப்பித்துவிட்டு அனுப்புவது நல்லது.

6. படிவத்தை நிரப்புதல்

இணையத்தில் வாக்காளர் சேவைத் தளத்தில் கணக்குத் தொடங்கும்போது வெளிநாடு வாழ் வாக்காளருக்கான தெரிவைத் தேர்ந்தெடுங்கள். இந்திய எண்ணுக்கு ஓடிபி வரும் என்று அணைத்துக் கிடக்கும் பழைய சிம்மைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மின்னஞ்சலை வைத்துப் போகலாம். அப்புறம் படிவம் 6ஏ. படிவம் 6-ஐத் திறந்துவிடாதீர்கள், அது ஊரில் வசிப்பவர்களுக்கானது. தவறிப்போய் 6-ஐக் கொடுத்தால், விசாரிக்க வருபவரிடம் வீட்டார் “அவர் ஃபாரின்ல இருக்கார்” என்பார்கள். அங்கே வசிக்கவில்லை என்று எழுதி விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். இருவர் தரப்பிலும் தவறில்லை, படிவம்தான் தவறு.

பெயர்க் கட்டத்தில் நிதானமாக இருங்கள். ஆங்கிலத்தில் தட்டியதும் தளம் தானாகவே தமிழ்ப்படுத்தும். எழிலரசி என்பவருடைய பெயர் அதில் ‘எசிலராசி’ என்று வந்து நின்றது. ‘ழ’ இருக்கும் பெயர்களில் எல்லாம் இப்படி ஏதாவது ஆகும். தமிழ்க் கட்டத்தில் இருப்பதை அழித்துவிட்டு நீங்களே தட்டுங்கள். அப்பா பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் அப்படியே சரிபாருங்கள். பட்டியலில் அச்சாகப் போவது இதுதான். ஆங்கிலப் பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். வாக்குச்சாவடியில் ஒப்பிட்டுப் பார்ப்பது பாஸ்போர்ட்டோடுதான்.

எந்த நாளிலிருந்து ஊரில் இல்லை என்று ஒரு கேள்வி வரும். போன மாதம் விடுமுறை முடிந்து திரும்பிய தேதியைப் பலர் எழுதுகிறார்கள். கேட்பது, வேலைக்காகவோ படிப்புக்காகவோ நீங்கள் ஊரை விட்டு வந்த தேதி. வந்திறங்கிய முத்திரை பாஸ்போர்ட்டில் இருக்கும், பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட் எண், வழங்கிய இடம், முடிவு தேதி, விசா விவரம், இப்போதைய வெளிநாட்டு முகவரி ஆகியவை புத்தகத்தைப் பார்த்து எழுதுபவை. வெளிநாட்டு முகவரியில் அஞ்சல் பெட்டி எண்ணைச் சேருங்கள். அலுவலகத்தின் முடிவு அந்த முகவரிக்கு வரும்.

அனுப்பியதும் திரையில் வரும் குறிப்பு எண்ணைப் படம் பிடித்து ஊரில் இருப்பவருக்கும் அனுப்பி வையுங்கள்.

இணையம் வேண்டாம் என்றால் அச்சுப் படிவத்தைத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். விடுமுறையில் ஊரில் இருந்தால் நேரிலேயே கொடுக்கலாம். மூலப் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் நேரில் கொடுப்பதே மேல். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கோட்டாட்சியர் நிலையில் இருப்பவர்தான் பதிவு அலுவலர். தாசில்தார் உதவிப் பதிவு அலுவலர். தாலுகா ஆபீஸில் தேர்தல் பிரிவு எது என்று கேட்டுப் போங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

7. வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்

நான் பார்த்ததில் அதிக விண்ணப்பங்கள் விழுந்தது இந்த இடத்தில்தான்.

விண்ணப்பம் போனபின் வாக்குச்சாவடி நிலை அலுவலர், ஊரில் சொல்கிற பி.எல்.ஓ., பாஸ்போர்ட் முகவரிக்கு வருவார். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். உங்கள் ஆவண நகல்களைக் காட்டி, இவர் இந்த வீட்டுக்காரர்தானா என்று கேட்டு, உறவினரிடம் உறுதி எழுதி வாங்குவார்.

பாபநாசம் பக்கத்துத் தம்பி ஒருவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார், அம்மாவிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார். டீச்சர் வந்து கேட்டபோது அந்த அம்மா, “அவன் எதுவும் எழுதிக் குடுக்கலையேம்மா, நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாரோ வந்து மகன் பெயரில் கையெழுத்துக் கேட்டால் எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வார். அதற்கப்புறம் ஆவணங்கள் தூதரகச் சரிபார்ப்புக்குப் போய், முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

விண்ணப்பித்த அன்றே வீட்டுக்குப் பேசுங்கள். யார் வருவார்கள், என்ன கேட்பார்கள், எதில் கையெழுத்து என்று விளக்குங்கள். பாஸ்போர்ட் நகல் ஒரு செட்டும் குறிப்பு எண்ணும் வீட்டில் இருக்கட்டும். ‘வெளிநாட்டில் இருக்கிறான்’ என்று தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். சிலர், அப்படிச் சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து “இங்கதான் இருக்கான்” என்பார்கள். 6ஏ விண்ணப்பத்துக்கு அதுதான் தவறான பதில்.

8. பெயர் ஏறியதைக் கண்ணால் பாருங்கள்

குறிப்பு எண்ணை வைத்துத் தளத்தில் நிலையைப் பாருங்கள். இரண்டு மூன்று வாரமாக ஒரே இடத்தில் நின்றால் ஊரில் இருப்பவரை 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லலாம், பி.எல்.ஓ.வை நேரில் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

‘ஏற்கப்பட்டது’ என்று வந்ததோடு விட்டுவிடாமல், உங்கள் பாகத்தின் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியின்) பட்டியலைத் தரவிறக்கிப் பாருங்கள். வெளிநாடு வாழ் வாக்காளர்களின் பெயர் தெருவாரியான பிரிவுகளில் இருக்காது. பாகத்தின் கடைசியில் தனிப் பிரிவாக இருக்கும். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில் பிழை இருந்தால் படிவம் 8 கொடுத்துத் திருத்தலாம்.

9. வாக்குப்பதிவு நாள்

2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வெளிநாடு வாழ் வாக்காளர்களாகப் பதிந்திருந்தவர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர். பதிவு செய்துவிட்டு டிக்கெட் செலவிலும் விடுப்பிலும் நின்றுபோனவர்கள்தான் மற்றவர்கள் என்று நினைக்கிறேன். அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தேர்தல் வரும் ஆண்டு முன்பே தெரியும். ஆண்டு விடுப்பை அந்தப் பருவத்துக்கு ஒதுக்கிவிட்டு, நாள் அறிவித்ததும் டிக்கெட் எடுங்கள். 2024-இல் அறிவிப்புக்கும் தமிழ்நாட்டு வாக்குப்பதிவுக்கும் நடுவே 34 நாள் இருந்தது. பதிவுக்குப் போதாத அந்த அவகாசம் பயணத்துக்குப் போதும்.

வாக்குச்சாவடிக்கு மூலப் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். வெளிநாடு வாழ் வாக்காளருக்கு அடையாளம் பாஸ்போர்ட் ஒன்றுதான். நமக்கு வாக்காளர் அடையாள அட்டை வழங்குவதில்லை, அது தபாலில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை எதுவும் செல்லாது. நகலும் கைப்பேசியில் இருக்கும் படமும் செல்லாது.

இதில் ஒரு தவறு நெஞ்சில் நிற்கிறது. ஓட்டுப் போடவென்றே வந்த ஒருவர், ‘ஊரில்தானே இருக்கிறோம்’ என்று அந்த வாரமே பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டார். வாக்குப்பதிவு அன்று கையில் ரசீதுதான் இருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டுப் புதுப்பிக்கக் கொடுங்கள். பதிந்தபின் பாஸ்போர்ட் மாறியிருந்தால் பழையதையும் சேர்த்து எடுத்துப் போங்கள். புதியதன் கடைசிப் பக்கத்தில் பழைய எண் அச்சாகியிருப்பதைக் காட்டலாம்.

உள்ளே போனதும் பட்டியலில் உங்கள் தெருவைப் பார்த்துவிட்டு “பேர் இல்லையே” என்பார்கள். பதற்றப்படாமல், “வெளிநாடு வாழ் வாக்காளர், பாகத்தின் கடைசிப் பிரிவில் பாருங்கள்” என்று சொல்லி வரிசை எண்ணையும் கொடுங்கள். இந்த ஒரு வாக்கியம் தெரியாமல் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டதாகச் சொன்னால் அப்படியே வந்துவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் அடையாளத்தை நிரூபித்து, டெண்டர் வாக்கு கேளுங்கள். அதை இயந்திரத்தில் அல்லாமல் வாக்குச்சீட்டில் போடுவீர்கள்.

10. பதிந்தபின் தெரிவிக்க வேண்டியவை

வெளிநாட்டில் வீடு மாறினால் புது முகவரியைப் பதிவு அலுவலருக்குத் தெரிவியுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் உடனே தெரிவிக்க வேண்டும். அன்றோடு உங்கள் வாக்குரிமை முடிகிறது, பட்டியலில் பெயர் இருந்தாலும் ஓட்டுப் போடக் கூடாது.

ஒரேயடியாக ஊர் திரும்பியவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் விசா முடிந்து, தஞ்சாவூரில் கடை வைத்து இரண்டு ஆண்டு ஆன பிறகும் வெளிநாட்டுப் பிரிவிலேயே பெயரை வைத்திருந்தார் ஒருவர். திரும்பியதும் பதிவு அலுவலருக்குச் சொல்லிவிட்டு, இப்போது வசிக்கும் முகவரியில் படிவம் 6 கொடுங்கள். வெளிநாட்டுப் பிரிவிலிருந்து பெயர் போய், தெருப் பிரிவில் வரும், வாக்காளர் அடையாள அட்டையும் அப்போது கிடைக்கும்.